லைஸ்: அப்பாவுக்கு ஒரு கடிதம்

உப்சாலா,
நவம்பர்.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருப்பதாக அம்மா சொன்னாள். குறைந்துவிட்டதே என்று தைலம் தேய்ப்பதை விட்டுவிடாதீர்கள். இங்கே பிற்பகல் மூன்றரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடுகிறது. விளக்கைப் போட்டுக்கொண்டு நீளமாக எழுத ஏற்ற காலம்.

"கோதிக் கோதிக்குன்னு சொல்றியேம்மா, அதுல ஒரே ஒரு வினைச்சொல்லை எடுத்து, பொருள் என்ன, எங்கேருந்து வந்துது, எப்படித் திரியுதுன்னு முழுசா எழுதி அனுப்பு. போன்ல துண்டு துண்டா வேண்டாம்" என்று கேட்டிருந்தீர்கள். காலமெல்லாம் நன்னூல் நடத்தியவர் கேட்கிறீர்கள் என்பதால் எளிதான சொல்லை எடுக்க மனம் வரவில்லை. எல்லா இடத்திலும் எல்லா எண்ணிலும் ஒழுங்காகத் திரியும் வினைகள் கோதிக்கில் நிறைய உண்டு. அவற்றுக்கு ஒரு பட்டியல் போட்டு அனுப்பினாலே போதும். நான் எடுத்திருப்பது முழுதாகக் கிடைக்காத ஒரு வினை. எஞ்சியிருக்கும் கோதிக் ஏடுகள் அனைத்தையும் சேர்த்தாலும் இரண்டே இடத்தில்தான் வருகிறது. இரண்டும் ஒரே வாக்கியத்துக்குள். இரண்டும் ஒரே வடிவம். லைஸ். தன்மை ஒருமை முற்று. 'எனக்குத் தெரியும்' என்று பொருள்.

முதலில் மொழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம், ஜெர்மன், சுவீடிஷ் எல்லாம் சேர்ந்த ஜெர்மானியக் குடும்பத்தில் நீண்ட நூல் வடிவில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய மொழி கோதிக். 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர் பைபிளைக் கிரேக்கத்திலிருந்து அதில் மொழிபெயர்த்தார். அதற்காகவே ஓர் எழுத்து முறையையும் அமைத்தார். அவருடைய முன்னோர் கப்படோக்கியாவிலிருந்து கோத்தியர் சிறைபிடித்துச் சென்ற கிறித்தவர்கள். கோத்தியர் நாட்டில் கிறித்தவர்களைத் துன்புறுத்தத் தொடங்கியபோது அவர் தம் மக்களோடு தன்யூபு ஆற்றைக் கடந்து ரோமப் பேரரசுக்குள் வந்து, இன்றைய பல்கேரியாவில் நிக்கோபோலிஸ் நகருக்கு அருகே குடியமர்ந்தார். அங்கே தங்கிவிட்ட அந்தக் கோத்தியரைப் பற்றி 6ஆம் நூற்றாண்டில் யோர்தானெஸ் எழுதுகிறார்: போருக்குப் போகாதவர்கள், ஏழைகள், ஆட்டுமந்தையும் பாலுமே அவர்களுடைய செல்வம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நான் இருக்கும் இந்த ஊரில் அந்த மொழிபெயர்ப்பின் மிகப் புகழ்பெற்ற படி இருக்கிறது. ஊதா நிறம் ஏற்றிய தோலில் வெள்ளி மையாலும் பொன் மையாலும் எழுதிய நான்கு நற்செய்திகள். வெள்ளி ஏடு என்றே பெயர். 336 இதழ்கள் இருந்திருக்க வேண்டும், இன்று கிடைப்பவை 188. அவற்றில் ஒன்று 1970இல் ஜெர்மனியின் ஸ்பையர் பேராலயத்தில் அகப்பட்டது. மற்றவை எல்லாம் இங்கே. ஆனால் நம்முடைய லைஸ் இந்த அழகான ஏட்டில் இல்லை. அது இருப்பது மிலானில், அம்புரோசியானா நூலகத்தில், பார்க்கவே பரிதாபமான ஓர் ஏட்டில்.

வட இத்தாலியில் போபியோ என்ற மடம். அங்கே தோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, யாரும் படிக்காத பழைய ஏடுகளின் எழுத்தைச் சுரண்டிக் கழுவிவிட்டு அதன்மேல் இலத்தீன் நூல்களை எழுதினார்கள். கோதிக் படிக்கத் தெரிந்தவர்கள் அப்போதே இல்லாமல் போயிருந்தார்கள். அப்படிக் கழுவப்பட்டவற்றில் பவுலின் கடிதங்களும் அடக்கம். அந்தத் தோல்கள் பின்னர் மிலானுக்கு வந்து சேர்ந்தன. 1817இல் ஆஞ்செலோ மாய் என்ற நூலகர் இலத்தீன் வரிகளுக்கு அடியில் வேறு எழுத்து நிழலாடுவதைக் கண்டார். காஸ்டில்யோனி என்பவரும் அவரும் சேர்ந்து அவற்றைப் பதிப்பிக்கத் தொடங்கினார்கள். மங்கிய எழுத்தை மேலே கொண்டுவர அக்காலத்தில் மாசிக்காய்ச் சாற்றைத் தடவுவார்கள். எழுத்து கொஞ்ச நேரம் தெளியும், நாளாவட்டத்தில் தோல் கறுத்துப்போகும். இத்தனையையும் தாண்டித்தான் பிலிப்பியருக்குப் பவுல் எழுதிய கடிதத்தின் நான்காம் அதிகாரம், பன்னிரண்டாம் வசனம் நம் கைக்கு வந்திருக்கிறது. அந்த வசனம் இருந்த இதழ் போயிருந்தால் இப்படி ஒரு வினை இருந்ததென்றே யாருக்கும் உறுதியாகச் சொல்லத் தெரிந்திருக்காது.

இனி இலக்கணம். உங்களுக்குப் பிடித்த பகுதி.

லைஸ் என்பதன் உருவம் இறந்தகாலத்துக்கு உரியது, பொருளோ நிகழ்காலம். கேட்க விநோதமாக இருக்கும். ஆனால் நாம் தினமும் சொல்லும் ஒன்றை எண்ணிப் பாருங்கள்: 'எனக்கு இந்தப் பாட்டு பிடித்திருக்கிறது.' பிடித்து, இருக்கிறது. எப்போது பிடித்தது என்று யாரும் கேட்பதில்லை. முன்பு நடந்து முடிந்த ஒன்றின் விளைவு இப்போது நிலைத்து நிற்கிறது, அந்த நிலையைத்தான் சொல்கிறோம். இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் இதற்கென்றே ஒரு வினைவடிவம் இருந்தது. ஜெர்மானிய மொழிகளில் அந்த வடிவம் பெரும்பாலும் வெறும் இறந்தகாலமாக மாறிவிட்டது. ஒரு சிறு கூட்டம் மட்டும் பழைய பொருளை விடாமல் வைத்துக்கொண்டது. கோதிக்கில் அவை பன்னிரண்டு பதின்மூன்றுதான் இருக்கும். 'முடியும்' என்பதற்கு மக். 'தெரியும்' என்பதற்கு வைட், கன். 'தேவைப்படுகிறது' என்பதற்கு தார்ஃப். 'அஞ்சுகிறேன்' என்பதற்கு ஓக். இந்தக் கூட்டத்தில் ஒன்றுதான் லைஸ்.

பள்ளியில் எங்களுக்கு ஆங்கிலம் நடத்திய டீச்சரிடம் ஒரு கேள்வி கேட்டு விடை கிடைக்காமல் வீட்டுக்கு வந்து உங்களிடம் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? 'ஹீ கோஸ்', 'ஹீ கம்ஸ்' என்று படர்க்கை ஒருமைக்கு ஒரு ஸகரம் சேர்க்கிறோமே, 'ஹீ கேன்', 'ஹீ மே', 'ஹீ ஷல்' என்பவற்றுக்கு மட்டும் ஏன் சேர்ப்பதில்லை என்று. "அது வழக்கு" என்றீர்கள். உண்மைதான். அந்த வழக்குக்குப் பின்னால் இருப்பது இதே கூட்டம். கோதிக்கில் 'எடு' என்ற வினைக்கு நிகழ்காலம் நிமா, நிமிஸ், நிமித். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு விகுதி. இறந்தகாலம் நம், நம்ட், நம். அதாவது தன்மைக்கும் படர்க்கைக்கும் விகுதியே இல்லை. கேன், மே, ஷல் எல்லாம் பிறப்பால் இறந்தகால உருவங்கள் என்பதால்தான் படர்க்கையில் வெறுங்கையோடு நிற்கின்றன. ஆயிரத்தைந்நூறு ஆண்டு கழித்தும் அந்த விகுதி வந்து ஒட்டவில்லை.

எனவே லைஸ் என்ற ஒரே வடிவத்தை வைத்துக்கொண்டு இரண்டு இடங்களை உறுதியாக நிரப்பலாம். 'நான் அறிவேன்' என்பதும் லைஸ், 'அவன் அறிவான்' என்பதும் லைஸ்தான். இரண்டாவதை யாரும் எழுதிப் பார்த்ததில்லை என்றாலும் மொழியின் அமைப்பு வேறு எதையும் அனுமதிக்காது. முன்னிலை ஒருமை 'லைஸ்ட்' என்று இருந்திருக்கும். வைட் என்பதற்கு முன்னிலை வைஸ்ட்.

பன்மைக்குப் போகும்போது உயிர் மாறும். இதுதான் இந்த வினைகளின் அழகு. வைட் என்றால் 'நான் அறிவேன்', 'விட்டும்' என்றால் 'நாங்கள் அறிவோம்'. ஒருமையில் ஐகாரம், பன்மையில் இகரம். வேத மொழியிலும் இதே வேர் ஒருமையில் 'வேத', பன்மையில் 'வித்ம' என்று வருவதை நீங்கள் அறிவீர்கள். கிரேக்கத்தில் 'ஓய்த'. சிந்து வெளியிலிருந்து தன்யூபுக் கரைவரை ஒரே வேர், ஒரே அசைவு. பழைய காலத்தில் அழுத்தம் ஒருமையில் வேரின்மேலும் பன்மையில் விகுதியின்மேலும் விழுந்ததால் வந்த மாற்றம் இது. அழுத்தம் நகர்ந்ததும் வேரின் உயிர் மெலிந்தது. அழுத்தத்தை எல்லாரும் மறந்த பிறகும் மெலிவு தங்கிவிட்டது.

அப்படியானால் லைஸ் என்பதன் பன்மை 'லிசும்' என்று இருக்க வேண்டும். இதற்குத் துணையாக ஒரு வினை இருக்கிறது. 'எழு' என்று பொருள்படும் உர்ரீசன். 'எழுந்தான்' என்பது உர்ரைஸ், 'எழுந்தார்கள்' என்பது உர்ரிசுன். இது நற்செய்திகளில் அடிக்கடி வருவது, இந்த இரண்டு வடிவமும் கிடைக்கின்றன. அதே ஓசை, அதே ஸகர ஈறு. அதன் தடத்தில் வைத்தால் நம் வினைக்குப் பன்மை 'லிசும், லிசுத், லிசுன்'. அறிந்ததாகச் சொல்லும் இறந்தகாலத்துக்கு, 'துணிந்தான்' என்பதற்குக் கிடைக்கும் கதவுர்ஸ்தா என்ற வடிவத்தைப் பார்த்து 'லிஸ்தா' என்று சொல்லிப்பார்க்கலாம். இங்கே என் குரல் தாழ்ந்துவிடும். இந்த வடிவங்களுக்கு முன்னால் நாங்கள் ஓர் உடுக்குறி இட வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் அகஸ்ட் ஷ்லைகர் என்ற ஜெர்மன் அறிஞர் பரப்பிய வழக்கம் அது. 'இப்படி இருந்திருக்க வேண்டும், ஆனால் யாரும் எழுதி நாம் பார்க்கவில்லை' என்பது அந்தக் குறியின் பொருள். எங்கள் துறையில் நான் மிக உயர்வாக மதிக்கும் எழுத்து அதுதான், அப்பா. ஊகத்தைத் தடுக்காது. ஊகத்துக்குச் சான்றின் வேடம் போட மட்டும் விடாது.

இருமை எண்ணை விட்டுவிட்டேனே. கோதிக்கில் ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே இருமை உண்டு, வினையில் தன்மைக்கும் முன்னிலைக்கும் மட்டும். லைஸ் வினைக்கு அது கிடைக்கவில்லை. ஆனால் அதன் கூட்டத்தைச் சேர்ந்த மக் வினைக்கு மாற்கு நற்செய்தியில் ஓர் அருமையான இடம் இருக்கிறது. செபதேயுவின் மக்கள் யாக்கோபும் யோவானும் இயேசுவிடம் வந்து உயர்ந்த இருக்கை கேட்கிறார்கள். நான் குடிக்கும் கிண்ணத்தில் உங்களால் குடிக்க முடியுமா என்று அவர் கேட்கும்போது கோதிக் இருமையில் கேட்கிறது: மகுட்சு. அவர்கள் ஒற்றைச் சொல்லில் விடை சொல்கிறார்கள்: மகு. 'எங்கள் இருவராலும் முடியும்.' கிரேக்க மூலத்தில் இருப்பது வெறும் பன்மை. இருமையாக்கியது மொழிபெயர்ப்பாளர். அண்ணன் தம்பி இருவரும் தோள் உரச நிற்பது அந்தச் சிறு விகுதியில் தெரிகிறது. இந்தப் பக்கம் இங்கேயுள்ள வெள்ளி ஏட்டில் இருக்கிறது.

இனி பிறப்பு. வைட் என்பதன் வேருக்குப் 'பார்' என்று பொருள். 'பார்த்திருக்கிறேன், ஆகவே தெரியும்.' நம்முடைய 'தெரியும்' வந்த வழியும் ஏறக்குறைய இதுவே. மலை தெரிகிறது என்றால் கண்ணில் படுகிறது, எனக்குத் தெரியும் என்றால் அறிவேன். கண்ணிலிருந்து அறிவுக்குப் போகும் பாதை உலகத்தில் பல மொழிகளில் உண்டு.

லைஸ் அந்தப் பாதையில் வரவில்லை. அது காலால் வந்தது. அதன் வேர் 'லெய்ஸ்' என்று கொள்ளப்படுகிறது. பொருள் தடம், உழுத கோடு. இலத்தீனில் இதே வேரிலிருந்து 'லீரா' என்ற சொல் இருக்கிறது, ஏர் கிழிக்கும் சால். ஏர் சாலை விட்டு விலகிப் போவதற்கு அவர்கள் 'தேலீராரே' என்றார்கள். அதுவே பிறகு புத்தி பேதலிப்பதற்குப் பெயராகி, இன்று மருத்துவர்கள் சொல்லும் டெலிரியம் ஆயிற்று. லித்துவேனிய மொழியிலும் ஸ்லாவிய மொழிகளிலும் இந்த வேர் தோட்டத்துப் பாத்தியைக் குறிக்கிறது. ஜெர்மானிய மக்களிடம் அது வண்டித் தடமும் காலடித் தடமும் ஆனது. ஜெர்மனியில் எந்த ரயில் நிலையத்துக்குப் போனாலும் 'கிளைஸ்' என்று போட்டு ஓர் எண் எழுதியிருப்பார்கள், தண்டவாளத்தின் பெயர். அது இந்த வேர்தான்.

ஆக, லைஸ் என்றால் 'தடம் பற்றி வந்திருக்கிறேன்.' நடந்து முடித்ததன் விளைவு இப்போது என்னிடம் நிலைத்திருக்கிறது. ஆகவே எனக்குத் தெரியும். சொல்லாய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்கும் வழி இது. தமிழில் இதற்கு மிக நெருங்கிய சொல்லாக எனக்குப் படுவது பட்டறிவு. பட்டு, அறிவது.

இதன் உறவுச்சொற்களைப் பார்த்தால் இந்தப் பொருள் வெறும் ஊகம் இல்லை என்று புரியும். கோதிக்கில் லைஸ்ட்ஸ் என்றால் காலடித் தடம். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் நாங்கள் ஒரே தடங்களில் நடக்கவில்லையா என்று கேட்கும் இடத்தில் வருவது இந்தச் சொல். லைஸ்ட்யன் என்றால் பின்தொடர். ஒருவரைத் தடத்தில் நடத்துவது, அதாவது கற்பிப்பது, லைஸ்யன். கற்பிப்பவர் லைசரீஸ். சீடர்கள் இயேசுவைப் போதகரே என்று அழைக்கும்போதெல்லாம் கோதிக்கில் கேட்பது இந்தச் சொல்தான். உங்களை அவர்கள் அழைத்திருந்தாலும் அப்படித்தான் அழைத்திருப்பார்கள்.

ஆங்கிலத்தின் 'லேர்ன்', 'லோர்', ஜெர்மனின் 'லேரன்' ஆகியவையும் இந்தக் குடும்பம். கோதிக்கில் ஸகரம் இருக்கும் இடத்தில் அவற்றில் ரகரம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். முன்னே சொன்ன அழுத்தம்தான் காரணம். வேருக்குப் பின்னால் அழுத்தம் விழுந்த வடிவங்களில் ஸகரம் குரலொலி பெற்று மெலிந்து, மேற்கிலும் வடக்கிலும் இருந்த ஜெர்மானிய மொழிகளில் பின்னர் ரகரமாகிவிட்டது. 1870களில் கார்ல் வெர்னர் என்ற டேனிஷ்காரர் இந்த விதியைக் கண்டு சொன்னார். கோதிக் மட்டும் தன் வினைகளில் ஸகரத்தையே எல்லா இடத்துக்கும் பொதுவாக்கிக்கொண்டது. ஆங்கிலத்தில் எழுவதற்கு 'ரைஸ்', எழுப்பி வளர்ப்பதற்கு 'ரியர்' என்று இரண்டு உண்டே, அந்த இரண்டிலும் இருப்பது ஒரே வேர். அங்கே ஸகரமும் ரகரமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

இந்த வேர் நல்ல இடங்களுக்கு மட்டும் போகவில்லை. எபேசியருக்கு எழுதிய கடிதத்தில் சாத்தானின் தந்திரங்களைச் சொல்ல வரும் கோதிக் சொல் இதே வேரின் பிள்ளை. இன்றைய ஜெர்மனில் 'லிஸ்ட்' என்றால் சூழ்ச்சி. கலாத்தியருக்கு எழுதியதில் சூனியத்துக்கு லுப்யலீசீ என்று இருக்கிறது. லுப்யா என்பது மருந்துப் பச்சிலை, நஞ்சும்கூட. அதில் கைதேர்ந்திருப்பது சூனியம். வைத்தியனும் சூனியக்காரனும் ஒரே பச்சிலையைத் தேடி ஒரே காட்டில் நடந்த காலத்துச் சொல் இது. நடந்து பெற்ற அறிவு எதற்குப் பயன்படும் என்பதை வேர் முடிவு செய்வதில்லை.

இப்போது அந்த வசனத்துக்கு வருகிறேன். நான் இவ்வளவு தூரம் எழுதியது இதற்காகத்தான்.

பவுல் சிறையில் இருக்கிறார். மக்கெதோனியாவிலிருந்த பிலிப்பி நகரத்துச் சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் அவருக்கு உதவி அனுப்பியிருக்கிறார்கள். நன்றி சொல்லி எழுதும்போது, இல்லாமையால் இதைச் சொல்லவில்லை என்கிறார். எந்த நிலையிலும் நிறைவாக இருக்கக் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். தாழ்ந்திருக்கவும் தமக்குத் தெரியும், மிகுதியில் இருக்கவும் தெரியும் என்கிறார். வயிறு நிறைந்திருப்பதற்கும் பசித்திருப்பதற்கும் பழகியிருப்பதாகச் சொல்கிறார்.

கிரேக்கத்தில் 'கற்றுக்கொண்டேன்' என்பதற்கு ஒரு சொல். 'தெரியும்' என்பதற்கு ஓய்த, இரண்டு முறை. அடுத்து 'பழகியிருக்கிறேன்' என்ற இடத்தில், இரகசிய வழிபாடுகளில் ஒருவருக்குத் தீட்சை கொடுப்பதைக் குறிக்கும் சொல். மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வேர்கள்.

கோதிக்கில் என்ன நடக்கிறது பாருங்கள். 'கற்றுக்கொண்டேன்' என்பதற்கு மொழிபெயர்ப்பாளர் வைத்திருப்பது கலைசிதா மிக். சொல்லுக்குச் சொல், 'என்னை நானே தடத்தில் நடத்திக்கொண்டேன்.' லைஸ்யன் குடும்பம். அடுத்த வசனத்தில் இரண்டு ஓய்த வருகின்றன. ஓய்த என்பதன் கூடப்பிறந்த சொல் கோதிக்கில் இருக்கிறது, வைட். மற்ற இடங்களில் ஓய்த வரும்போது வைட் அல்லது கன் போடுவதுதான் அவர்களுடைய வழக்கம். இங்கே இரண்டையும் விட்டுவிட்டு லைஸ் என்று எழுதுகிறார், இரண்டு முறையும். முந்தின வசனத்துக் கலைசிதாவின் எதிரொலி உடனே காதில் விழுகிறது. நடந்து கற்றேன், நடந்ததால் தெரியும், தெரியும். அதன்பிறகு அந்தத் தீட்சைச் சொல்லுக்கு உஸ்த்ரோதித்ஸ் என்று போடுகிறார். அதன் பொருள் பயிற்சி பெற்றவன். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்தில் பக்தியில் உன்னைப் பழக்கிக்கொள் என்று சொல்லும் இடத்திலும் இதே வினைதான், அங்கே கிரேக்கத்தில் இருப்பது உடற்பயிற்சியைக் குறிக்கும் சொல். மறைவான சடங்கு என்ற வாடையே இல்லை. உடம்பு பழகிய பழக்கம்.

இதை எல்லாரும் என்னைப்போல் படிப்பதில்லை. கோதிக் மொழிபெயர்ப்பில், அதிலும் கடிதங்களில், ஒரே கிரேக்கச் சொல்லுக்கு வேறு வேறு சொற்களைப் போடும் பழக்கம் பரவலாக உண்டு. இதுவும் அப்படி ஒரு மாற்றுச் சொல்தான், இதற்குமேல் பொருள் காண வேண்டாம் என்று சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. ஓய்த இங்கே 'எப்படிச் செய்வதென்று தெரியும்' என்ற பொருளில் வருவதால் அதற்குரிய வினையைத் தேடி எடுத்தார் என்றும் சொல்லலாம். அதையும் ஏற்கிறேன். ஏற்றாலும் என் எண்ணம் மாறவில்லை. அப்படி ஒரு தனி வினையை அந்த மொழி கையில் வைத்திருந்தது, செய்தி அறிவதற்கும் வாழ்ந்து அறிவதற்கும் இரண்டு சொல் வைத்திருந்தது என்பதே பெரிது. அதை எங்கே பயன்படுத்த வேண்டும் என்று ஒருவருக்குத் தெரிந்திருந்தது.

அவர் வுல்ஃபிலாவா, அவரோடு உழைத்தவர்களில் ஒருவரா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. யாராக இருந்தாலும் பசி என்பதும் நிறைவு என்பதும் அவருக்கு ஏட்டில் படித்த செய்திகள் அல்ல. துரத்தப்பட்டு ஆறு கடந்து வந்தவர்கள். ஆட்டு மந்தையோடு மலையடிவாரத்தில் பிழைத்தவர்கள். தாழ்ந்திருக்கத் தெரியும் என்ற வரியை எழுத எழுதுகோலை எடுத்தபோது, பார்த்துத் தெரிந்தவன் சொல்லும் வைட் அந்தக் கைக்கு வரவில்லை என்று நான் நம்புகிறேன். சான்று கேட்டால் உடுக்குறி போட்டுத்தான் தர முடியும். ஆனாலும் நம்புகிறேன்.

இந்த மொழியை எடுத்த நாளிலிருந்து, இதைப் படித்து என்ன ஆகப்போகிறது என்று உறவினர்கள் கேட்கும்போதெல்லாம் நீங்கள் எனக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அது தெரியும். அடுத்த முறை யாராவது கேட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். பேசுவோர் ஒருவரும் இல்லாமல், எழுத்தும் கழுவப்பட்டு, மேலே வேறு நூல் எழுதப்பட்டு, எல்லாம் முடிந்துவிட்டது என்ற நிலையிலிருந்து ஒரு மனிதர் தேர்ந்தெடுத்த ஒரு சொல்லை நம்மால் இன்று அடையாளம் காண முடிகிறது. அவர் ஏன் அதைத் தேர்ந்தார் என்று அப்பாவும் மகளும் கடிதத்தில் பேசிக்கொள்ள முடிகிறது. எனக்கு இந்த வேலை வேண்டும் என்பதற்கு வேறு காரணம் தேடியதில்லை.

உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். தமிழில் எல்லா இடத்திலும் திரியாமல் ஓரிரு வடிவத்தோடு நின்றுவிட்ட வினைகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள். வேண்டும், போதும், தகும் என்று தொடங்கலாம். குறிப்பு வினைகளைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். உரையாசிரியர்கள் அவற்றைப் பற்றிச் சொல்வது எங்கே இருக்கிறது என்று உங்களுக்கு மனப்பாடம், எனக்கு நூலகத்தில் தேட வேண்டும். என் மாணவர்களுக்கு இந்த வினைக் கூட்டத்தை நடத்தும்போது தமிழையும் பக்கத்தில் வைத்துக் காட்ட ஆசை. இதுவரை வகுப்பில் சம்ஸ்கிருதமும் கிரேக்கமும் மட்டுமே வந்திருக்கின்றன.

அடுத்த கடிதத்தில் ஓக் என்பதை எடுத்துக்கொள்கிறேன், 'அஞ்சுகிறேன்'. அதில் 'அஞ்சாதே' என்று சொல்லும் வடிவம் ஒன்று இருக்கிறது. ஏவல் வினை எதிலும் சேராமல் தனியாக நிற்கிறது. நீங்கள் அதைப் பார்த்துவிட்டு என்ன சொல்வீர்கள் என்று கேட்க ஆவலாக இருக்கிறேன்.

அம்மா அனுப்பிய பருப்புப்பொடி வந்து சேர்ந்தது என்று சொல்லுங்கள். பொங்கலுக்கு வர முடியாது, சித்திரையில் வருகிறேன். கண் பரிசோதனைக்குத் தேதி வாங்கியாயிற்றா என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்.